வந்தவர்கள் எங்கே குடியேறுகிறார்கள், ஏன் அங்கே? டொராண்டோவை வைத்து ஓர் எளிய விளக்கம்

கனடாவின் டொராண்டோ நகரத்தின் நடுப்பகுதியில் செசில் தெரு என்று ஒரு சின்னத் தெரு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். சில பத்தாண்டுகள் கழித்து, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அக்கம்பக்கத்தில் நிறைந்தார்கள். தேவாலயம் யூதர்களின் தொழுகைக் கூடமாக மாறியது. யூதர்கள் வடக்கே நகர்ந்தார்கள், சீனர்கள் வந்தார்கள், கட்டடம் சீனக் கத்தோலிக்கர்களின் கைக்குப் போனது. இப்போது அது எல்லோருக்குமான சமூகக் கூடம். ஒரு நகரத்தில் குடியேறிகள் எப்படி வருகிறார்கள், தங்குகிறார்கள், நகர்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஒரு கட்டடத்தின் வரலாறே பாதி பாடம்.

டொராண்டோ பெருநகரப் பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 62 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்து குடியேறியவர்கள். ஆனால் அவர்கள் எல்லா இடத்திலும் சீராகப் பரவியிருக்கவில்லை. பிராம்ப்டனில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தெற்காசியர்கள். மார்க்கம் நகரில் கிட்டத்தட்ட பாதி சீனர்கள். வுட்பிரிட்ஜ் என்றால் இத்தாலியர்கள், பார்க்டேல் என்றால் திபெத்தியர்கள், ஸ்கார்பரோ என்றால் தமிழர்கள் என்று ஊரே ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறது.

ஏன் இப்படி? "அவரவருக்கு அவரவர் ஆட்களோடு இருக்கத்தானே பிடிக்கும்" என்பதுதான் உடனே வரும் பதில். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதி உண்மைதான். வந்து இறங்கிய காலத்தில் எந்த இடத்தில் வீடு காலியாக இருந்தது, அதை யார் வாடகைக்குக் கொடுத்தார்கள், அங்கிருந்து வேலைக்குப் போக வழி இருந்ததா என்பவை அதைவிடப் பெரிய காரணங்கள் என்று நான் நினைக்கிறேன். விருப்பம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

புதிதாக வந்த ஒருவரின் முதல் இரண்டு வாரங்களைக் கற்பனை செய்து பாருங்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, வேலை இன்னும் இல்லை. வாடகை வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்பது மூன்று: வேலைக் கடிதம், கனடாவில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு, முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையும் முன்பணமாக. முதல் இரண்டும் அவரிடம் இருக்க வழியே இல்லை. நேற்று வந்தவருக்கு ஏது கனடாவில் கடன் வரலாறு? அப்போது ஒரு தூரத்து உறவினர் சொல்கிறார்: "எங்கட பில்டிங்கில ஒரு வீடு காலியாகுது. சூப்பரின்டென்டண்டை எனக்குத் தெரியும், நான் கதைக்கிறன்." சூப்பரின்டென்டண்ட் என்பவர் கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பாளர். அவ்வளவுதான், புதியவர் எங்கே வாழப்போகிறார் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் முடிவாகிவிட்டது. வீட்டுக்காரர் கேட்கும் காகிதத்துக்குப் பதிலாக ஓர் ஆளின் வாய்ச்சொல் பிணையாக நிற்கிறது. ஆறு மாதத்தில் அவரே இன்னொருவருக்காக அதே சூப்பரின்டென்டண்டிடம் பேசுவார்.

இதைத்தான் ஆய்வாளர்கள் சங்கிலிக் குடியேற்றம் என்கிறார்கள். ஒருவர் முன்னால் போகிறார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர், அவரைப் பிடித்து மூன்றாமவர். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கட்டடத்தின் அடுத்தடுத்த மாடிகளில் இருப்பது இப்படித்தான் நடக்கிறது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதில்லை.

திட்டமில்லாமலேயே கூட்டம் சேரும் என்பதை அழகாகக் காட்டியவர் தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். பின்னாளில், 2005இல், நோபல் பரிசு பெற்றவர். 1971இல் வெளிவந்த அவருடைய ஆய்வை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தாளில் சதுரங்கப் பலகைபோல் கட்டம் போடுங்கள். இரண்டு வகை நாணயங்களைக் கலந்து கட்டங்களில் வையுங்கள், சில கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஒரே ஒரு விதி: ஒரு நாணயத்தைச் சுற்றியுள்ள அண்டை நாணயங்களில் மூன்றில் ஒரு பங்காவது அதன் வகையாக இருந்தால் அது திருப்தியாக இருக்கும், இல்லையென்றால் திருப்தி தரும் ஒரு காலிக் கட்டத்துக்கு நகரும். மூன்றில் ஒரு பங்குதான், பெரும்பான்மைகூட வேண்டாம். யாரும் யாரையும் வெறுக்கவில்லை, சிறுபான்மையாக இருக்கவும் சம்மதம். ஆனால் நாணயங்களை நகர்த்திக்கொண்டே போனால், கொஞ்ச நேரத்தில் தாளில் தனித்தனித் திட்டுகள் உருவாகிவிடும். "முற்றிலும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது" என்ற சின்ன எச்சரிக்கை உணர்வே போதும், வரைபடம் தனித்தனி நிறங்களாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு வட்டாரத்தைப் பார்த்துவிட்டு "இவர்கள் யாரோடும் கலக்க விரும்பாதவர்கள்" என்று முடிவு கட்டுபவர்களுக்கு இந்த நாணய ஆட்டத்தை ஒரு தடவை காட்ட வேண்டும்.

ஆனால் நாணயங்களுக்கு வாடகை கிடையாது, சட்டமும் கிடையாது. மனிதர்களுக்கு இரண்டும் உண்டு. டொராண்டோவிலேயே ஒரு காலத்தில் நிலப் பத்திரங்களில் "யூதர்களுக்கோ விரும்பத்தகாத நாட்டினருக்கோ விற்கக் கூடாது" என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படி ஒரு பத்திரம் செல்லாது என்று ஒன்டாரியோ நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1945இல்தான். சீனர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. 1885 முதல் அவர்கள் நாட்டுக்குள் நுழையத் தலைவரி கட்டவேண்டியிருந்தது, 1923 முதல் 1947 வரை அவர்களின் வரவே ஏறத்தாழ முழுதாகத் தடுக்கப்பட்டது. பழைய சைனாடவுன்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருந்தன என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளியே போக வழியில்லாமல் ஒடுங்கியிருப்பது வேறு, விரும்பிக் கூடியிருப்பது வேறு. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

சரி, நகரத்துக்குள் எந்த இடம்? இதற்கு வந்த பழைய விளக்கம் சிகாகோவில் பிறந்தது. எர்னஸ்ட் பர்ஜெஸ் என்ற சமூகவியலாளர் 1925இல் நகரத்தை ஒன்றுக்குள் ஒன்றான வளையங்களாக வரைந்தார். நடுவில் வணிக மையம். அதை ஒட்டிய வளையத்தில் பழைய, இடிந்த, வாடகை குறைந்த வீடுகள். புதிதாக வருபவர்கள் முதலில் தங்குவது அங்கேதான், ஏனென்றால் வேலைக்கு நடந்தே போகலாம். கொஞ்சம் காசு சேர்ந்ததும் அடுத்த வளையம், பிள்ளைகள் காலத்தில் அதற்கும் அடுத்தது. ஏணியில் ஏறுவதுபோல் மையத்திலிருந்து வெளியே நகர்கிறார்கள். காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி டொராண்டோ இந்தப் படத்துக்கு நன்றாகவே பொருந்தும். இன்றைய நகர மண்டபம் நிற்கும் இடத்தைச் சுற்றி 'வார்டு' என்று ஒரு பகுதி இருந்தது. அமெரிக்க அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர், பஞ்சத்துக்குத் தப்பிய ஐரிஷ்காரர்கள், பிறகு யூதர்கள், இத்தாலியர்கள், சீனர்கள் என்று எல்லோரும் முதலில் கால் வைத்த இடம் அது. யூதர்கள் அருகிலிருந்த தையல் தொழிற்சாலைகளுக்கு நடந்து போனார்கள். அப்புறம் மேற்கே கென்சிங்டன் சந்தைப் பக்கம் போனார்கள், அதன் பின் பாதர்ஸ்ட் தெருவைப் பிடித்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வடக்கே ஏறினார்கள். கென்சிங்டனில் அவர்கள் விட்ட வீடுகளுக்குப் போர்த்துக்கீசியர்கள் வந்தார்கள். அங்கே 1920களில் கட்டிய ஒரு யூதத் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. இத்தாலியர்கள் காலேஜ் தெருவில் தொடங்கி, செயின்ட் கிளேர் தெருவுக்கு ஏறி, பிறகு நகர எல்லையைத் தாண்டி வுட்பிரிட்ஜ் போனார்கள். அவர்களில் பலர் கட்டட வேலைக்காரர்கள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். புறநகர் வீடுகளைக் கட்டியதும் அவர்கள் கைகள்தான், பின்னால் அவற்றில் குடியேறியதும் அவர்கள்தான்.

வார்டு மெல்ல மறைந்தது. அங்கிருந்த முதல் சைனாடவுனின் பெரும்பகுதி நகர மண்டபத்துக்காகக் கையகப்படுத்தப்பட்டது. புதிய மண்டபம் 1965இல் திறந்தது. சீனக் கடைகள் மேற்கே ஸ்பதைனா தெருப் பக்கம் போயின. குடியேறிகளின் இடமாற்றம் எல்லாம் அவர்களாகவே எடுத்த முடிவு அல்ல, சில சமயம் புல்டோசர் எடுத்த முடிவு.

இதற்குப் பின்னால்தான் படம் தலைகீழாகிறது. இன்றைய டொராண்டோவைப் புரிந்துகொள்ள இந்த இடம்தான் முக்கியம், இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

1962இல் கனடா தன் குடிவரவு விதிகளிலிருந்து இனப் பாகுபாட்டைப் பெரும்பாலும் நீக்கியது. 1967இல் படிப்பு, மொழி, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆசியா, கரீபியன், ஆப்பிரிக்கா என்று உலகமெங்கும் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் நகரத்தில் இன்னும் இரண்டு மாற்றங்கள் நடந்தன. நடுப்பகுதியின் பழைய வீடுகள்மேல் வசதியான படித்தவர்களுக்குக் கண் விழுந்தது. அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்த வீடுகளை வாங்கி ஒரே குடும்பத்துக்கான வீடுகளாக மாற்றினார்கள், விலை ஏறியது. மறுபக்கம், 1950களிலிருந்தே ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ போன்ற உள் புறநகரங்களில் பெரிய சாலைகளை ஒட்டி வானளாவிய அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவை பெரும்பாலும் காருள்ள நடுத்தரக் குடும்பங்களையும் இளைஞர்களையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அந்த ஆட்கள் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போனதும் அந்த வாடகை வீடுகள் புதியவர்களுக்குத் திறந்தன.

ஆக, மலிவான வாடகை நகரத்தின் மையத்தைவிட்டு விளிம்புக்குப் போய்விட்டது. பர்ஜெஸ் வரைந்த வளையத்தில் முதல் படி மையத்தில் இருந்தது. இப்போது அந்தப் படியே புறநகரத்தில்.

தமிழர்களின் கதை இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் விழுகிறது. 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களில் பலருக்கு முதல் முகவரி செயின்ட் ஜேம்ஸ் டவுன். நகர மையத்துக்குப் பக்கத்தில், 1960களில் தனியாக வாழும் இளம் நடுத்தர வர்க்கத்துக்காக எழுப்பிய 19 உயர்ந்த கட்டடங்கள். உணவகங்களில் கோப்பை கழுவவும், இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யவும் நகர மையத்துக்கு நடந்தே போகக்கூடிய தூரம். ஓர் அறை வீட்டில் நாலைந்து இளைஞர்கள் தங்கி, ஷிப்டு மாறி மாறித் தூங்கிய காலம் அது. அகதிக் கோரிக்கை முடிந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தபோது அந்த வீடுகள் போதவில்லை. ஸ்கார்பரோவில் அதே மாதிரி அடுக்குமாடிகள், கொஞ்சம் பெரியவை, வாடகை குறைவு, அருகிலேயே தொழிற்சாலைகள். அடுத்த படி, யாரோ ஒருவர் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழுள்ள தளம். அதற்கடுத்து, தன் சொந்த வீடு, அதன் பேஸ்மென்டில் புதிதாக வந்த இன்னொரு குடும்பம். வீட்டுக் கடனைக் கட்டியதில் அந்தப் பேஸ்மென்ட் வாடகைக்குப் பெரிய பங்கு. பிறகு 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ், வடக்கே மார்க்கம். 2011இல் ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் தொகுதியிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வானார். ஒரு சமூகம் ஒரே இடத்தில் செறிந்திருந்ததும் அதற்குக் கைகொடுத்தது. சிதறியிருக்கும் ஓட்டுக்கும் சேர்ந்திருக்கும் ஓட்டுக்கும் உள்ள வேறுபாடு அது.

எல்லோரும் ஏணியின் அடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்றும் இல்லை. ஹாங்காங் 1997இல் சீனாவிடம் திரும்பப் போகிறது என்பது 1984 ஒப்பந்தத்தில் உறுதியானதும், அங்கிருந்து வசதியான குடும்பங்கள் கனடாவுக்குக் கிளம்பின. அவர்களுக்குப் பழைய சைனாடவுனின் மாடி அறை தேவைப்படவில்லை. விமானத்திலிருந்து இறங்கி நேராக ஸ்கார்பரோவின் ஏஜின்கோர்ட், பிறகு மார்க்கம், ரிச்மண்ட் ஹில் என்று சொந்த வீடு வாங்கினார்கள். 1984இல் ஏஜின்கோர்ட்டில் ஒரு சீன வணிக வளாகம் திறந்தபோது பார்க்கிங் நெரிசல் என்று தொடங்கிய அக்கம்பக்கத்தாரின் புகார், விரைவிலேயே சீனர்களைப் பற்றிய புகாராக மாறியது. 1995இல் மார்க்கத்தின் துணை மேயரே சீனர்கள் ஒரே இடத்தில் குவிவதால் மற்றவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று பேசிப் பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்தார். இரண்டு ஆண்டு கழித்து அதே மார்க்கத்தில் பசிபிக் மால் திறந்தது.

இப்படிப் புறநகரத்திலேயே வேர்விடும் குடியேறிப் பகுதிக்கு வெய் லீ என்ற புவியியலாளர் 1990களில் 'எத்னோபர்ப்' என்று பேர் வைத்தார். அவர் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலுள்ள சான் கேப்ரியல் பள்ளத்தாக்கைப் பார்த்துச் சொன்னது. மார்க்கத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. வங்கி, மருத்துவர், வழக்கறிஞர், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கேயே. மையத்துக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. பிராம்ப்டனும் இந்த வகைதான், ஆனால் பொருளாதாரம் வேறு. விமான நிலையம் பக்கத்தில், கிடங்குகள், லாரித் தொழில், மூன்று தலைமுறை சேர்ந்து வாழப் போதுமான வீடுகள். பஞ்சாபிக் குடும்பங்களுக்கு அது பொருந்தி வந்தது.

கடைகள் இருக்கும் இடமும் ஆட்கள் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. இது பலர் தவறவிடும் விஷயம். ஜெரார்ட் தெருவில் 1972இல் ஹிந்திப் படங்கள் காட்டும் ஒரு திரையரங்கு வந்தது, அதைச் சுற்றிச் சேலைக்கடையும் உணவகமுமாக ஒரு பஜார் வளர்ந்தது. வார இறுதியில் தெருவே நிரம்பும். ஆனால் அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் இல்லை, புறநகரங்களிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். செயின்ட் கிளேர் தெருவும் அப்படித்தான். 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்ற அன்று லட்சக்கணக்கானவர்கள் அந்தத் தெருவில் திரண்டார்கள். அதற்குள் இத்தாலியர்களில் பலர் வடக்கே வீடு வாங்கிவிட்டிருந்தார்கள். கொண்டாட மட்டும் பழைய தெருவுக்கு வந்தார்கள்.

செறிவை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஓர் இனத்தவர் நகரத்தில் 10% இருக்கிறார்கள் என்று வையுங்கள். முழுக்கக் கலந்திருந்தால் ஒவ்வொரு வட்டாரத்திலும் 10% இருக்க வேண்டும். அந்த நிலை வர, அவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாறவேண்டும் என்பதுதான் பிரிவுக் குறியீடு. 0 என்றால் முழுக் கலப்பு, 100 என்றால் முழுப் பிரிவு. 60க்கு மேல் போனால் கடுமையான பிரிவு என்பது வழக்கம். எளிமையான, பயனுள்ள எண். ஆனால் விரும்பிச் சேர்ந்தார்களா, அடைபட்டுச் சேர்ந்தார்களா என்று அது சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள வருமானத்தைப் பார்க்க வேண்டும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹல்சான்ஸ்கி 1970 முதல் 2005 வரையிலான கணக்குகளை வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்தார். நடுத்தர வருமான வட்டாரங்கள் 66% இலிருந்து 29% ஆகச் சுருங்கியிருந்தன. சப்வே என்னும் நிலத்தடி ரயில் ஓடும் மையம் பணக்காரப் பகுதியாகவும், பஸ்ஸை மட்டும் நம்பியிருக்கும் உள் புறநகரங்கள் ஏழ்மைப் பகுதியாகவும் பிரிந்திருந்தன. குடியேறிகள் அதிகம் இருப்பது இரண்டாவதில். ஸ்கார்பரோவின் உள்பகுதியைச் சப்வேயோடு இணைத்த ரயில் பாதையும் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம்புரண்டதோடு நிரந்தரமாக மூடப்பட்டது. இப்போது அந்தத் தூரத்துக்கும் பஸ்தான். தன்னவர்களோடு வாழ்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணிநேரம் வேலைக்குப் போகும் இடத்தில் மட்டுமே அவர்களுக்கு வீடு கிடைக்கிறது என்பதுதான் குறை. ஏணியின் படிகளும் இப்போது விலகிப் போய்விட்டன. அடுக்குமாடியிலிருந்து பேஸ்மென்ட், அங்கிருந்து சொந்த வீடு என்று பெற்றோர் ஏறிய தூரத்தை, இன்றைய விலையில் புதியவர்களால் ஏற முடிவதில்லை. பலர் டொராண்டோவைத் தாண்டி, ஒன்டாரியோவிலேயே உள்ள லண்டன், கிச்சனர், மேற்கே கால்கரி, எட்மன்டன் என்று போகிறார்கள். அங்கே புதிய சங்கிலிகள் தொடங்கிவிட்டன.

ஏறிப் போனவர்களிலும் ஒருவருக்கு மட்டும் அது ஏற்றமாக இல்லை: வீட்டில் இருக்கும் அம்மம்மா. ஸ்கார்பரோ அடுக்குமாடியில் இருந்தபோது லிஃப்டில் இறங்கினால் பேச நாலு பேர் இருந்தார்கள். கீழே மரத்தடி பெஞ்சில் மாலை முழுக்க ஊர்க்கதை நடக்கும். சாலையைக் கடந்தால் தமிழ்க் கடை, ஒரு பஸ்ஸில் கோவில். மகன் ஏஜாக்ஸில் நாலு படுக்கையறை வீடு வாங்கினான். அவருக்குத் தனி அறை, பெரிய ஜன்னல், வெளியே அழகான புல்வெளி. காலை எட்டு மணிக்கு எல்லோரும் காரில் கிளம்பிவிடுகிறார்கள். பஸ் நிறுத்தம் இருபது நிமிட நடை, குளிர்காலத்தில் அதுவும் முடியாது. வெள்ளிக்கிழமை யாராவது கோவிலுக்குக் கூட்டிப்போவார்கள். அன்று மட்டும் அவர் விடியும் முன்பே குளித்து, சேலை கட்டி, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருப்பார்.